கடை மாவும் ஃப்ரீஸர் பருப்பும் வீட்டுச் சமையல்தான்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 37, வங்கியில் வேலை. வீடு திரும்ப ஏழேகால் ஆகிவிடும். கணவருக்கு 42 வயது, ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார், ஆறரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி, அதிக நேரம் நிற்க முடியாது. பெண் ஏழாம் வகுப்பு, பையன் இரண்டாம் வகுப்பு. காலைச் சாப்பாடும் டிபன் பாக்ஸும் எப்படியோ ஓடிவிடுகின்றன. இரவுதான் தகராறு. வாரத்தில் நான்கு ராத்திரியாவது ஆப்பில் ஆர்டர்: பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், பிள்ளைகளுக்கு நூடுல்ஸ்.

மூன்று மாதத்துக்கு முன் கணவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து, மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். "இனி எல்லாம் வீட்டில்தான், எல்லாம் அன்றன்றைக்குப் புதிதாகத்தான்" என்று வாசகி முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரை ஆய ஆளில்லாமல் புதன்கிழமை மஞ்சளாகி உதிர்ந்தது. இரண்டாவது வாரமே மறுபடி பார்சல். கடை மாவு வாங்கலாமென்றால் அதில் ஏதோ கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. முன்கூட்டிச் செய்து வைத்தால், "ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிட்டால் விஷம்" என்கிறார் மாமியார். உறைந்த பட்டாணியில் சத்து இருக்காது என்று அலுவலகத் தோழி சொல்கிறார். வீட்டில் உப்பை இந்துப்பாக மாற்றியாயிற்று. வீட்டுச் சாப்பாடு பழகிவிட்டால் கணவரின் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடைசியாக, "எந்தக் குறுக்கு வழியும் இல்லாமல் ஏழு நாளைக்கு ஓர் அட்டவணை போட்டுத் தாருங்கள்" என்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்த அட்டவணையை நான் தரப்போவதில்லை. தந்தால் நீங்கள் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவீர்கள், பத்து நாள் கழித்துக் கிழிப்பீர்கள், கூடவே உங்களை நீங்களே திட்டிக்கொள்வீர்கள். அதற்குப் பதிலாக, மாத்திரையை நிறுத்தும் எண்ணத்தை முதலில் பேசிவிடலாம். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது.

மாத்திரையும் உப்பும்

உங்கள் கணவரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, பாதியாகக் குறைக்கவும் கூடாது. உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் இறங்குவது உண்மைதான். எவ்வளவு இறங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ரத்த அழுத்தம் கூடினாலும் பெரும்பாலும் வலியோ மயக்கமோ காட்டாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்பவருக்கே பக்கவாதம் வந்து பார்த்திருக்கிறோம். வீட்டில் அளக்கும் கருவி ஒன்று வாங்கி, வாரத்தில் சில நாள் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். சாப்பாட்டு மாற்றம் பலன் தருகிறதென்றால் அது அந்த நோட்டில் தெரியும். அதைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இந்துப்பு விஷயத்தில் உங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். கிலோவுக்குப் பல மடங்கு விலை கொடுத்தும் ரத்த அழுத்தத்துக்கு ஒரு லாபமும் இல்லை. அதில் பெரும்பாலும் அயோடினும் சேர்த்திருக்க மாட்டார்கள், வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது நஷ்டம். அயோடின் கலந்த சாதாரண உப்புக்கே திரும்புங்கள், அளவைக் குறையுங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பது வேறு வகை, அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

அளவு எவ்வளவு? பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். தினமும் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை, அதனால் வேறு கணக்கு சொல்கிறேன். உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். எல்லா வேளையும் வீட்டிலேயே சாப்பிட்டாலும், ஒரு கிலோ உப்புப் பாக்கெட் கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் வர வேண்டும். இப்போது பாக்கெட் எத்தனை நாளில் காலியாகிறது என்று பாருங்கள். இத்தனைக்கும் வாரத்தில் பாதி ராத்திரிகள் நீங்கள் சமைப்பதே இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வெளியில் வாங்கும் மிக்ஸர் எல்லாம் இந்தக் கணக்குக்கு மேலே வருபவை.

ஃப்ரைடு ரைஸ் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்று கேட்டால், எண்ணெயை மட்டும் நினைக்கிறோம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. உப்பாகச் சொன்னால் இரண்டு கிராமுக்கும் மேல். அது போக உப்பு தனி, அஜினோமோட்டோ தனி.

போட்டி எதற்கும் எதற்கும்?

உங்கள் கடிதம் முழுக்க ஓர் எண்ணம் ஓடுகிறது. ஒரு பக்கம் அம்மா காலத்துச் சமையல்: அன்றரைத்த மசாலா, அன்றாய்ந்த கீரை, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல். இன்னொரு பக்கம் கடை மாவு, உறைந்த பட்டாணி, ரெடிமேட் பொடி. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டாவதைத் தொட்டாலே தோற்றுவிட்டதாக நினைக்கிறீர்கள். ஏழேகாலுக்கு வீட்டுக்கு வரும் உங்களுக்கு முதல் வகை என்றைக்குக் கிடைத்தது? எட்டரை மணிக்கு வாசலில் வந்து நிற்கும் பார்சல்தான் உங்கள் உண்மையான போட்டியாளர். பார்சலோடு வைத்துப் பார்த்தால் கடை மாவில் ஊற்றிய தோசையும் வீட்டுத் தக்காளித் தொக்கும் எல்லா வகையிலும் மேல்: உப்பில், எண்ணெயில், காசில்.

அம்மா காலத்திலும் அப்படியொன்றும் குறுக்கு வழி இல்லாமல் இல்லை. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தல், வடகம், வெயிலில் காய்ந்த மணத்தக்காளி, நாலு நாளைக்குச் சேர்த்து ஆட்டி வைத்த மாவு எல்லாம் என்னவாம்? ஆள் வந்து திடீரென்று நின்றால் பத்து நிமிடத்தில் இலை போடுவதற்குத்தானே? ஆட்டுக்கல்லில் குனிந்து ஆட்டிய தலைமுறைக்கு, 1950களில் வந்த கோயம்புத்தூர் கிரைண்டரே பெரிய சோம்பேறித்தனமாகத் தெரிந்திருக்கும். இன்று அதற்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம்.

எது உங்களைப் பார்சலிடமிருந்து காப்பாற்றுகிறதோ, கூடவே உப்பையும் எண்ணெயையும் ஏற்றிக் கொண்டுவராமல் இருக்கிறதோ, அதைக் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் பயத்தில் பாதி நியாயம்

உங்கள் மாமியாரை நான் உடனே மறுக்க மாட்டேன். முதல் நாள் சமைத்த கறியை மறுநாள் தொடக் கூடாது என்பது சித்த மருத்துவ வழியில் வந்த பழைய விதி. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், நம் ஊர் வெக்கையில், அதைவிட நல்ல விதி இருக்க முடியாது. இன்றைக்கும் மேடையில் மூடி வைத்த குழம்புக்கு அது அப்படியே பொருந்தும்.

சமைத்த உணவில் கிருமி வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில். திருச்சியில் மே மாதச் சமையலறை அதற்கு நடுவில்தான் இருக்கும். ஆகவே முன்கூட்டிச் சமைப்பதில் ஆபத்து ஃப்ரிட்ஜில் இல்லை, ஃப்ரிட்ஜுக்குப் போகும் முன் வெளியே கிடக்கும் நேரத்தில் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி குளிரவே நேரமாகும். அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வையுங்கள்.

சாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் விதைகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சாதம் வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மத்தியானச் சாதம் ராத்திரி வரை குக்கரிலேயே கிடந்து, அதை எலுமிச்சை சாதமாக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். சாதம் அன்றன்றைக்கே வைப்பது நல்லது, அதற்கு இருபது நிமிடம் போதும்.

குழம்பு, பருப்பு, சுண்டல் வகைகள் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாராளமாக நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீஸர். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்க விட்டுச் சாப்பிடுங்கள். மொத்தத்தையும் சூடாக்கி மிச்சத்தை மறுபடி உள்ளே வைப்பதுதான் கெடுதல். மின்சாரம் போனால், ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் அதில் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் சமைத்தவற்றைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள். அத்தையிடம் இதை வாதமாகச் சொல்லாமல், வேலையாகக் கொடுங்கள். டப்பா மேல் தேதி எழுதி ஒட்டும் பொறுப்பு அவருடையது, கெடு தாண்டியதை வெளியே எடுக்கும் அதிகாரமும் அவருக்கே. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை, அவருடைய கவலைக்கும் மதிப்பு கொடுத்த மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம்

முழுச் சமையலைச் செய்து அடுக்காதீர்கள், வாரம் பாதியில் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். எந்தக் குழம்புக்கும் போகிற மாதிரி பாதி வழி வரைக்கும் செய்து வையுங்கள்.

குக்கரில் இரண்டு டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூள் மட்டும் போட்டு வேகவைத்து மசித்து, மூன்று டப்பா ஆக்குங்கள். ஒன்று ஃப்ரிட்ஜில், இரண்டு ஃப்ரீஸரில். முதல் நாள் இரவே ஊறிய கொண்டைக்கடலையை இன்னொரு ஈடு வேகவிட்டு அதையும் பிரித்து வையுங்கள். இன்னொரு அடுப்பில் ஒரு கிலோ தக்காளி, அரை கிலோ வெங்காயம் போட்டுத் தொக்கு. கெடாமல் இருப்பதற்காக உப்பை அள்ளிக் கொட்டுவது நம் வழக்கம். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். உப்பு குறைவாகப் போட்டு, ஒரு வாரத்துக்கானதை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்து மீதியை உறைய வையுங்கள். புளியைக் கெட்டியாகக் கரைத்து ஒரு கொதி விட்டு, ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால், ரசத்துக்கு இரண்டு கட்டி எடுத்துப் போட்டால் போதும். தேங்காயைத் துருவி ஃப்ரீஸரில் வைப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இஞ்சி பூண்டு விழுதுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. எண்ணெய் ஊற்றி மேடையிலேயே வைத்தால் கெடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பூண்டு இருக்கும்போது, காற்றில்லாமல் வளரும் கொடிய கிருமி ஒன்றுக்கு அது வசதியாகப் போகலாம். ஃப்ரிட்ஜில் சில நாள், இல்லையென்றால் ஃப்ரீஸரில் சிறு கட்டிகளாக.

இப்போது செவ்வாய்க்கிழமை ராத்திரியைப் பாருங்கள். ஆறரைக்கு வருகிறவர் அரிசியைக் களைந்து குக்கரில் வைத்துவிடுகிறார். ஃப்ரிட்ஜில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுத்து மேடையில் வைக்கிறார். நீங்கள் ஏழேகாலுக்கு வந்து முகம் கழுவி, கடாயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, உரித்து வாங்கிய சின்ன வெங்காயத்தை வதக்கி, இரண்டு கரண்டி தொக்கு, இரண்டு புளிக்கட்டி, சாம்பார் பொடி, பருப்பு. ஒரு பக்கம் அது கொதிக்கும்போது மறுபக்கம் உறைந்த பட்டாணியும் கேரட்டும் பொரியல். ஏழேமுக்காலுக்கெல்லாம் தட்டு வைத்துவிடலாம், ஆர்டர் செய்திருந்தால் பார்சல் கொண்டுவரும் பையன் அப்போதுதான் கடையை விட்டுக் கிளம்பியிருப்பான். சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் ஒரே ராத்திரி வேண்டும் என்று எந்த உணவியல் நூலிலும் எழுதவில்லை. ஒரு பருப்போ முட்டையோ, ஒரு காய், சாதமோ தோசையோ சப்பாத்தியோ போதும்.

உங்கள் கணவர் பற்றி "எதை வைத்தாலும் குறை சொல்லாமல் சாப்பிடுவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல குணம்தான். ஆனால் உங்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வீட்டுக்கு வருபவருக்கு அது மட்டும் போதாது. 2019ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும், அதே வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. உடம்பு அவருடையது, மாத்திரை அவருடையது. குக்கர் வைக்கும் வேலையாவது அவருடையதாக இருக்கட்டும். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதாகப் போகிறது, தொக்குக்குத் தக்காளி நறுக்கலாம். பையனுக்குப் பட்டாணி அளந்து போடத் தெரியும். பெண்ணை மட்டும் கூப்பிட்டுப் பையனை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கடையில் எதை எடுப்பது

உறைந்த பட்டாணியை உங்கள் தோழி சந்தேகிக்க வேண்டியதில்லை. பறித்த சூட்டோடு கொதிநீரில் லேசாக முக்கி எடுத்து உறைய வைக்கிறார்கள். அப்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும், அதன்பிறகு இழப்பு மிக மெதுவாகிவிடும். நாலு நாள் கூடையில் வாடிய பச்சைப் பட்டாணிக்கு இது குறைந்ததில்லை. சந்தேகப்பட வேண்டியது வேறொன்றை: காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றிப் பச்சையாக விற்பதை. வாங்கி வந்து தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள், தண்ணீர் பச்சையானால் கொட்டிவிடுங்கள்.

கடை மாவில் என்ன கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பைப் பார்த்து நான் தீர்ப்பு சொல்ல முடியாது. அரிசி, உளுந்து, உப்பு மட்டுமே போட்டு அரைத்த மாவும் குளிரில் நாலைந்து நாள் நிற்கும், அதற்கு மருந்து தேவையில்லை. ஒன்றும் எழுதாத பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு, வெயிலில் தொங்கும் மாவை வாங்காதீர்கள். உறையில் பொருட்களின் பட்டியல், தேதி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் மூன்றும் இருக்கிறதா, கடைக்காரர் குளிரில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பக்கத்துத் தெருவில் அரைத்துக் கொடுக்கும் அம்மாவிடம் வாங்குவதாக இருந்தால், ஒருநாள் போய் இடத்தையும் தண்ணீரையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஆய்ந்த கீரை, நறுக்கிய வாழைப்பூ எல்லாம் வாங்கலாம், அன்றைக்கே சமைப்பதென்றால். காசு கொஞ்சம் கூடத்தான். மஞ்சளாகிக் குப்பைக்குப் போன முருங்கைக்கீரையைவிட மலிவு. நறுக்கிய பிறகு ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் சத்து தண்ணீரோடு போய்விடும், ஓர் அலசு போதும்.

ஆறு மாதம் கெடாத ரெடிமேட் குழம்புப் பாக்கெட்டில் "மருந்து" இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உறைக்குள் அடைத்த பிறகு 121 டிகிரி அளவு சூட்டில் கிருமி நீக்குவதால்தான் அது கெடாமல் இருக்கிறது. ராணுவத்தினருக்காக மைசூர் பாதுகாப்புத் துறை உணவு ஆய்வுக்கூடம் இந்த முறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஆகவே பயப்பட வேண்டியது மருந்துக்கு இல்லை, உப்புக்கு. பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து, இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் அளவு கிடைக்கும். அதுவும் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்று கவனியுங்கள், ஏமாற்று வேலை அங்கேதான் நடக்கும். உறைந்த பரோட்டா, பொரிக்கத் தயாரான உருண்டைகள், சோடா சேர்த்த உடனடி இட்லி மிக்ஸ் இந்த மூன்றும் உங்கள் வீட்டில் எப்போதாவது மட்டும்.

அப்புறம், வாரம் ஒரு ராத்திரி ஆர்டர் செய்யுங்கள். எந்த ராத்திரி என்று முன்பே முடிவு செய்துகொண்டு, ஃப்ரைடு ரைஸுக்குப் பதில் இட்லியோ சப்பாத்தியோ வரவழையுங்கள். நாலு ராத்திரி ஒன்றாகக் குறைவதே பெரிய மாற்றம், அதை முதல் மாதத்திலேயே எட்ட வேண்டும் என்றும் இல்லை.

பையன் நூடுல்ஸை விட மாட்டான் என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். விட வேண்டாம், வீட்டிலேயே செய்யுங்கள். உப்பில் பெரும்பங்கு அந்த மசாலா உறையில்தான் இருக்கிறது. பாதி உறையை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் கைநிறையப் பட்டாணியும் சேருங்கள். மிச்சப் பாதியை நாளைக்கென்று எடுத்து வைக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது எப்படியும் மறுநாள் உருளைக்கிழங்கு வறுவலில் விழுந்துவிடும்.